பாட்டு நம்ம கட்டைக்கு இறங்கி வரட்டும்

நாற்பது தாண்டிய பெண்கள் நாலு பேர் சேர்ந்து கரோக்கே பாடலாம் என்று உட்கார்ந்தால் முதலில் கை போவது ஜானகியம்மா பாட்டுக்கு. அடுத்தது சுசீலாம்மா. பல்லவி நன்றாகவே போகும். சரணத்தில் குரல் மேலே ஏற வேண்டிய இடம் வந்ததும் முகம் சுருங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், அப்புறம் மைக்கைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிட்டு, "போதுங்க, என்ற தொண்டை அவ்வளவுதானுங்க" என்று உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தவரை மறுபடி எழுப்புவது பெரும்பாடு. அந்த ஒரு பாட்டு அவரை வருஷக்கணக்கில் மைக் பக்கமே வரவிடாது.

எனக்கு இது மனசு தாங்காத விஷயம். ஊத்துக்குளியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருப் பெண்கள் கூடிப் பாடுகிறோம். ட்ராக் தேடுவது, போடுவது எல்லாம் என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். பவர் டேபிளில் ஓவர்லாக் ஓட்டுகிறவர், செக்கிங் டேபிளில் நிற்கிறவர், கைமடி உதவியாளாகப் போய் இன்று சொந்தமாக நாலு மிஷின் போட்டிருப்பவர். மீதிப் பேர் வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள், கடை பார்ப்பவர்கள். எல்லாருக்கும் பாட்டு தெரியும். வாழ்நாளில் பாதியைப் பாட்டு ஓடுகிற ஹாலில் தைத்துக் கழித்தவர்களுக்குத் தெரியாத பாட்டு இருக்குமா? வரி தெரியும், மெட்டு தெரியும், எந்த இடத்தில் வயலின் வரும், எந்த இடத்தில் புல்லாங்குழல் வரும் என்பது வரைக்கும் தெரியும். இருந்தும் மைக் கையில் வந்ததும் தோற்றுப்போகிறார்கள் என்றால், கோளாறு தொண்டையில் இல்லை. எடுத்த பாட்டிலும் எடுத்த கட்டையிலும், அதாவது சுருதியிலும், இருக்கிறது.

முதலில் வயசைப் பற்றி. நாற்பத்தைந்து, ஐம்பது வாக்கில் மாதவிலக்கு நிற்கும் காலத்தில் பெண்களுடைய குரல் கொஞ்சம் கீழே இறங்கும். ஹார்மோன் மாற்றத்தால் குரல் நாண் சற்றுத் தடிக்கும். பேசுகிற குரலே ஒரு படி கனத்துவிடும். முதலில் போவது உச்சி ஸ்வரங்கள். அதே சமயம் முன்பு வராத கீழ் ஸ்வரங்கள் இப்போது நன்றாக வரும், அதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. இதோடு நம் ஊர்ப் பிழைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசுவது, பஞ்சு பறக்கிற காற்று, பாத்ரூமுக்கு அடிக்கடி போக வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பது. சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் முடித்துச் சம்பளம் வாங்கி வந்தவரின் தொண்டை ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்படி இருக்கும் என்று அவரிடமே கேளுங்கள். அதனால்தான் காலையில் வைத்துக்கொண்டிருந்த எங்கள் பாட்டை சாயங்காலத்துக்கு மாற்றினோம்.

கரோக்கே பிறந்த கதை தெரிந்தால் இந்தப் பயம் பாதி போய்விடும். ஜப்பானில் கோபே நகரத்தில் டைசுகே இனோவே என்று ஒருவர் மதுக்கடைகளில் வாடிக்கையாளர்கள் பாடும்போது கூட வாசித்துப் பிழைத்துவந்தார். பாடுகிறவர் எங்கே இழுக்கிறாரோ அங்கே இழுத்து, எங்கே தடுமாறுகிறாரோ அங்கே காத்திருந்து வாசிப்பார். ஒரு கம்பெனி முதலாளி வெளியூர் விருந்துக்குப் போகும்போது, அங்கேயும் வந்து தனக்கு வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த முதலாளி பாடுகிற விதத்துக்கு ஏற்ற மாதிரி வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து வந்த யோசனைதான் 1971-ல் அவர் செய்த '8 ஜூக்' என்ற பெட்டி. அதற்கு அவர் காப்புரிமைகூட வாங்கவில்லை. அவருக்கு முன்பே 1967-ல் ஷிகெயிச்சி நெகிஷி என்பவர் 'ஸ்பார்கோ பாக்ஸ்' என்று ஒன்றைச் செய்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் என் மனசில் நிற்பது இனோவேயின் அந்த டேப்தான். பெரிய பாடகராக இல்லாத ஒரு நடுவயது ஆளின் தொண்டைக்கு வாத்தியம் இறங்கி வந்தது. கரோக்கேயின் ஆரம்பமே அதுதான்.

ஜப்பான் கரோக்கே மிஷின்களில் இன்றைக்கும் கட்டையை ஏற்ற ஒரு பட்டன், இறக்க ஒரு பட்டன் உண்டு. அங்கே யாரும் அதை அழுத்த வெட்கப்படுவதில்லை. 1980-களின் நடுவில் ஓகாயாமா பக்கத்தில் பழைய சரக்குக் கன்டெய்னர்களைத் தனி அறைகளாக மாற்றிக் கரோக்கே வைத்தார்கள். தூத்துக்குடிக்குச் சரக்கு ஏற்றிப்போகும் கன்டெய்னரைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரிக்கு இந்தச் சேதி ரொம்பப் பிடித்துப்போனது. மதுக்கடையை விட்டுப் பாட்டு தனி அறைக்கு வந்த பிறகுதான் அங்கே குடும்பப் பெண்களும் தோழிகளுமாகப் பாட வந்தார்கள்.

நம்மிடம் கட்டையை இறக்கும் அந்தப் பட்டன் இல்லை. யூடியூபில் கிடைக்கிற தமிழ் ட்ராக் பெரும்பாலும் ஒரிஜினல் கட்டையிலேயே இருக்கும். நம் சினிமாப் பாட்டில் பெண் குரலின் ஒரிஜினல் கட்டை உயரம். அதற்குக் காரணம் இருக்கிறது. மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதுக்குக் கேட்க வேண்டுமானால் உச்சத்தில் பாடித்தான் ஆக வேண்டும். நம் பக்கத்துக் கொடுமுடியில் 1908-ல் பிறந்த கே. பி. சுந்தராம்பாளம்மா அந்த மேடையில் வளர்ந்த குரல். அவர் கணவர் கிட்டப்பாவும் அப்படித்தான். அந்தக் கணீர்க் குரலைக் கேட்டுப் பழகிய காது, சினிமாவிலும் அதையே நல்ல குரல் என்று எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த சுசீலாவும் ஜானகியும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் தினமும் ரிக்கார்டிங்கில் நின்றவர்கள். 'சிங்காரவேலனே தேவா' 1962-ல் 'கொஞ்சும் சலங்கை'யில் வந்தபோது ஜானகியம்மாவுக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசுதான் இருக்கும். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்துக்கு ஈடாகப் பாடிய பாட்டு அது. அதை அதே கட்டையில் நாம் எடுத்துவிட்டு, வரவில்லையே என்று வருத்தப்படுவது நியாயமே இல்லை.

செக்கிங் அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்னது: "அளவு பத்தலைன்னா பேட்டர்னைத்தான மாத்துவோம், ஆளையா மாத்தறது?" முப்பது வருஷம் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் சொன்னால் அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

சரி, நம்ம கட்டை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாட்டு வகுப்புக்குப் போகாதவர்களுக்கு நான் வைத்திருக்கும் வழி கந்த சஷ்டி கவசம். சூலமங்கலம் சகோதரிகள் பாடி வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. கதித்தமலை முருகனைக் கும்பிடுகிற எங்கள் ஊரில் அது தெரியாத பெண்ணே கிடையாது. அத்தனை நீளமான கவசத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை எல்லாரும் மூச்சு வாங்காமல் சொல்லிவிடுகிறார்கள். ஏனென்றால் அதன் ஸ்வரங்கள் ஒரு சின்ன எல்லைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், வரிகள் குட்டை, ஒவ்வொரு வரிக்கும் மூச்சு விட இடம் உண்டு. எதையும் பார்க்காமல், ட்ராக் போடாமல், விளக்கேற்றும்போது சொல்வது மாதிரி அதைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தானாக எடுக்கிற கட்டைதான் அவருடைய கட்டை. போனில் சுருதிப்பெட்டி ஆப் ஒன்று இருந்தால் அது எத்தனை கட்டை என்று பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளலாம். ஐந்து, ஐந்தரைக் கட்டைப் பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சிலர் இயல்பாகவே மூன்று, நாலில் கவசம் சொல்வதை நான் இங்கே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ட்ராக்கை இறக்க வேண்டும். கம்ப்யூட்டர் இருந்தால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். வேகம் மாறாமல் சுருதியை மட்டும் மாற்ற அதில் வழி இருக்கிறது. எத்தனை செமிடோன் என்று கேட்கும். இரண்டு செமிடோன் என்பது பொதுவாக ஒரு கட்டை. கழித்தல் குறி போட்டு இரண்டு, மூன்று என்று கொடுத்துப் பாருங்கள். நாலுக்கு மேல் இறக்கினால் வாத்தியச் சத்தம் மந்தமாகிவிடும், அப்போது வேறு பாட்டுக்குப் போவதே நல்லது. வீட்டில் காலேஜ் போகிற பிள்ளை இருந்தால் இந்த வேலையைக் கொடுங்கள், ஆசையாகச் செய்வார்கள். ஒன்று கவனம்: யூடியூபில் வேகத்தைக் குறைத்தால் பாட்டு மெதுவாகப் போகுமே தவிர கட்டை இறங்காது. பலர் அதைப் போட்டுவிட்டு, இன்னும் எட்டவில்லையே என்பார்கள்.

எந்தப் பாட்டு? இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

மெதுவான பாட்டு சுலபம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெதுவான பாட்டில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஆடாமல் பிடித்து நிறுத்த வேண்டும், மூச்சு நீளமாக வேண்டும். 'போறாளே பொன்னுத்தாயி' கேட்க எவ்வளவு எளிமையாக இருக்கிறது! 1994-ல் 'கருத்தம்மா'வுக்காக ஸ்வர்ணலதா அதற்குத் தேசிய விருது வாங்கினார். அந்தக் குழைவும் அந்த நிதானமும் மூச்சுப் பயிற்சி இல்லாமல் வராது. அழுகை வேறு வந்து தொண்டையை அடைக்கும். சுலபமான பாட்டு என்றால் நான் பார்ப்பது: மேலுக்கும் கீழுக்கும் தூரம் குறைவாக இருக்கிறதா, வரி குட்டையா, வரிக்கு வரி இடைவெளி இருக்கிறதா, நடுவில் வாத்தியம் நீளமாக வந்து நம்மை இளைப்பாற விடுகிறதா. வேகம் கடைசியில்தான்.

இதை வைத்துத் தேடியபோது எனக்குக் கிடைத்த நல்ல யோசனை, பாடகியே நடுவயதில் பாடிய பாட்டுகளைப் பார்ப்பது. 1935-ல் பிறந்த சுசீலாம்மா 'புதிய முக'த்தில் 'கண்ணுக்கு மை அழகு' பாடியது 1993-ல். ஐம்பத்தேழு வயசு! அந்தப் பாட்டை உற்றுக் கேளுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு கைப்பிடி நீளம்தான். சொல்லி நிறுத்தி, மூச்சு விட்டு, அடுத்ததைச் சொல்லலாம். 'கேளடி கண்மணி'யில் 'கற்பூர பொம்மை ஒன்று' பாடும்போதும் அவர் ஐம்பதைத் தாண்டியிருந்தார். அதில் ஒரு தாய் பாடுகிற கனிவு போதும், கூச்சலுக்கு வேலையில்லை. எங்கள் குழுவில் பேத்தி எடுத்த ஒருவர் இதைப் பாடினால், மற்றவர்கள் போனைக் கீழே வைத்துவிடுவார்கள்.

'சின்னச் சின்ன ஆசை' இன்னொன்று. மின்மினி 1992-ல் பாடியது. துண்டு துண்டான வரிகள், ஒரே மாதிரி அச்சில் திரும்பத் திரும்ப வரும். சரணத்தில் கொஞ்சம் ஏறும், இரண்டு செமிடோன் இறக்கினால் கைக்கு வந்துவிடும். அதைவிடச் சுலபம் 'பாரதி'யில் பவதாரிணி பாடிய 'மயில் போல பொண்ணு ஒன்னு'. அவருக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டு. மெல்லிய குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது மாதிரிப் பாடியிருப்பார். சத்தம் எழுப்பக் கூச்சப்படுகிறவர்கள் முதலில் எடுக்க வேண்டிய பாட்டு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அவர் 2024 ஜனவரியில் போய்ச் சேர்ந்தபோது எங்கள் ஞாயிற்றுக்கிழமையில் அதையே வேறு வேறு குரலில் பாடிக்கொண்டிருந்தோம்.

பழசில் பானுமதியம்மா ஒரு புதையல். தானே நடித்துத் தானே பாடியவர். 1956-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழு நீளக் கலர் படம். அதில் 'அழகான பொண்ணுதான்' பாட்டை ஒருமுறை பாடிப் பாருங்கள். கொஞ்சம் கனத்த குரலில், மிடுக்காகப் பாடத்தான் அது நன்றாக இருக்கும். வயசான குரலுக்கு அது குறையே இல்லை, அந்தக் கனம்தான் பாட்டுக்கே அழகு. எல். ஆர். ஈஸ்வரியும் அப்படி. கோரஸில் நின்று வந்தவர், எழுபது தாண்டி 2011-ல் 'ஒஸ்தி' படத்துக்கு 'கலாசலா' பாடியவர். அவருடைய 'வாராய் என் தோழி' 1961-ல் 'பாசமலர்' படத்தில் வந்தது. கல்யாண வீட்டில் எல்லாரும் பாடியே வளர்ந்த பாட்டு, கூடவே கோரஸ் இருக்கிறது. ஒருவர் வரி எடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்ளலாம். நம் பக்கத்து வள்ளிக்கும்மியில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அந்தப் பழக்கம் இருப்பவர்களுக்கு இது உடனே வந்துவிடும். தனியாகப் பாட நடுங்குகிறவர்களை முதலில் இங்கேதான் நிற்க வைப்பேன்.

வாணி ஜெயராமில் எல்லாரும் 'மல்லிகை என் மன்னன் மயங்கும்' கேட்பார்கள். அது நடுத்தரம், இறக்கிப் பாடினால் வரும். 'ஏழு ஸ்வரங்களுக்குள்' வேண்டவே வேண்டாம். நான் எடுத்துக் கொடுப்பது 'முள்ளும் மலரும்' படத்து 'நித்தம் நித்தம் நெல்லுச்சோறு'. சாப்பாட்டைப் பற்றிப் பாடும்போது பெண்களுக்குக் குரல் பயமே மறந்துவிடுகிறது, கை தானாகத் தாளம் போடுகிறது. வெண்ணெய்க்குப் பேர் போன எங்கள் ஊரில் அது இன்னும் ருசியாகத்தான் வரும்.

ஒதுக்கிவைக்க வேண்டியவையும் சொல்லிவிடுகிறேன். 'செந்தூரப்பூவே', 'காற்றில் எந்தன் கீதம்', உமா ரமணனின் 'ஆனந்த ராகம்', 'மறைந்திருந்து பார்க்கும் மர்மமென்ன'. இவையெல்லாம் காதுக்கு. பாடியே தீருவேன் என்பவர்கள் வீட்டில் பல்லவியை மட்டும் ஆசைதீரப் பாடிக்கொள்ளலாம், குழுவில் முதல் பாட்டாக வேண்டாம். டூயட்டிலும் எச்சரிக்கை வேண்டும். ஆண் குரலை அப்படியே விட்டு வைத்திருக்கும் ட்ராக் நிறையக் கிடைக்கிறது. நம் பகுதி வந்ததும் பாடிக்கொள்ளலாம் என்று ஆசையாக இருக்கும். ஆனால் அந்த ட்ராக்கின் கட்டையை இறக்கினால் அதில் இருக்கும் எஸ். பி. பாலசுப்ரமணியத்தின் குரல் வேறு யாரோ மாதிரி ஆகிவிடும். அதைக் கேட்டுக்கொண்டு பாட எனக்கு மனசு வருவதில்லை.

ஆண்கள் பாடிய பாட்டைப் பெண்கள் எடுக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. பி. பி. ஸ்ரீனிவாஸ் பாட்டுகள் நடுவயதுப் பெண் குரலுக்கு என்ன பொருத்தம் தெரியுமா? 'நிலவே என்னிடம் நெருங்காதே', 'காலங்களில் அவள் வசந்தம்' எல்லாம் சத்தம் போடாமல் பாடியவை. இங்கே ட்ராக்கை ஏற்ற வேண்டும். நாலு, ஐந்து செமிடோன் ஏற்றிப் பாருங்கள். ஓவர்லாக் ஓட்டுகிற ஒரு தங்கச்சி 'நிலவே என்னிடம்' பாடியபோது அவர் வீட்டுக்காரர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றே கேட்டார்.

ட்ராக்கில் ஓடும் வரி ஆங்கில எழுத்தில் இருந்தால் நம்பாதீர்கள். தமிழை ஆங்கில எழுத்தில் கூட்டிப் படிப்பதற்குள் பாட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும். நாங்கள் பிள்ளைகளின் பழைய நாற்பது பக்க நோட்டில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக்கொள்கிறோம். மூச்சு விட வேண்டிய இடத்தில் சிவப்பு ஸ்கெட்சால் ஒரு கோடு. வாத்தியம் முடிந்து நாம் நுழைய வேண்டிய இடத்தில் எது கேட்கும் என்று ஒரு குறிப்பு: 'குழல் முடிஞ்சதும்', 'தபேலா ரெண்டு தட்டு'. செக்கிங்கில் டேமேஜுக்கு ஸ்டிக்கர் ஒட்டிப் பழகிய கை, அந்தக் கோடுகளை அவ்வளவு சுத்தமாகப் போடுகிறது.

புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு கொஞ்சம் தாமதமாகத்தான் காதுக்கு வரும். அதைப் போட்டுக்கொண்டு போன் ஆப்பில் பாடிப் பதிந்தால், சரியாகப் பாடினாலும் தாளம் தப்பினது மாதிரியே பதிவாகும். வயர் ஹெட்செட் வாங்குங்கள், விலையும் குறைவு. பாடுவதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீர். குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் போகாமல் இருந்தால் பாட்டை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். பஞ்சு அலர்ஜிதான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், தைராய்டும் அப்படிக் காட்டும்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பொரி கொடுத்த பிறகு பாட்டுப் போடுவார்கள் இல்லையா, இந்த வருஷம் அங்கே எங்கள் குழுவும் பாடுவது என்று பேச்சு. 'வாராய் என் தோழி'க்கு ட்ராக்கை மூன்று செமிடோன் இறக்கி வைத்திருக்கிறேன். முதல் வரியைக் கைமடி அக்கா எடுப்பதாக ஒத்துக்கொண்டார். கோரஸுக்கு இன்னும் ஆள் வேண்டும். வருகிறவர்கள் நோட்டோடு வாங்க, கோடு போட்டுத் தருகிறேன்.